பீரோவில் உறங்கும் மடிக்கணினி



உங்கள் இல்லத்து பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள். பட்டுப் புடவைகளுக்குக் கீழேயோ, வீட்டுப் பத்திரங்கள் வைத்திருக்கும் தட்டிலேயோ கருப்பு நிறத்தில் ஒரு மடிக்கணினி உறங்கிக் கொண்டிருக்கக்கூடும். மகளோ மகனோ பிளஸ் டூ படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்தது. சில ஆண்டுகள் வீடே அதைச் சுற்றி அமர்ந்திருந்தது. பிறகு மெதுவாகிப் போனது, பாட்டரி செத்தது, கைபேசிகள் வந்தன. "ஓடாத சாமானை ஏன் வைத்திருக்க வேண்டும்?" என்று இப்போது அதை எடைக்குப் போடும் எண்ணம் உங்களுக்கு வந்திருக்கலாம்.

என் தங்கைக்கும் அப்படித்தான் வந்தது. மேலப்பாளையத்தில் அவள் வீட்டுத் தெருவில் பழைய சாமான் வியாபாரி குரல் கொடுத்துக் கொண்டு வந்த நேரம், நான் தற்செயலாக அங்கே இருந்தேன். "காக்கா, இதைப் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் மடிக்கணினியைக் கையில் எடுத்துவிட்டாள். 2012ஆம் ஆண்டு அவள் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றது அது. நான் வியாபாரியை அனுப்பிவிட்டு அதை வாங்கிக்கொண்டேன். அதன் பின் நடந்தவற்றில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கலைப் பட்டதாரி. மதரஸாவில் பாடம் சொல்பவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். ஆகவே என்னால் முடிந்தது உங்களாலும் முடியும் என்பதில் ஐயமில்லை.

அரசு தந்த இயந்திரம்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவால் தொடங்கி வைக்கப்பட்டது. அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து கொடுக்க, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவ மாணவியருக்கு அவை வழங்கப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் இவ்வாறு தமிழக இல்லங்களுக்குச் சென்று சேர்ந்தன.

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். பீடி சுற்றியும் தறி நெய்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த எத்தனையோ குடும்பங்களில் அதுவே முதல் கம்ப்யூட்டர். அதிலும் ஒரு பெண் பிள்ளையின் பெயரில் வந்த கம்ப்யூட்டர்! வெளியூர் சென்று கம்ப்யூட்டர் சென்டரில் சேர இயலாத பெண்களும் வீட்டிலிருந்தே தட்டச்சுப் பழகினார்கள் என்றால், அதற்கு இந்தக் கருப்புப் பெட்டி ஒரு காரணம்.

தொடக்க ஆண்டுகளில் வந்த பலவற்றில் இரண்டு இயக்க முறைகள் இருந்தன. ஒன்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 7. மற்றொன்று இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் விண்டோஸையே தேர்ந்தெடுத்தனர். மற்றொன்று எதற்கென்று சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. அந்த இரண்டாவது வழிதான் பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு தரும் வழி என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டான கணினி இன்றைய கணினி செய்யும் எல்லாவற்றையும் செய்யாது. அதை எதிர்பார்ப்பவர் ஏமாந்து, வெறுத்து, மீண்டும் பீரோவிலேயே வைத்து விடுவார். வயதான பெரியவரை மூட்டை தூக்கச் சொல்ல மாட்டோம். ஆனால் கடைக் கல்லாவில் அமர்த்தினால் அவர் போலக் கணக்குப் பார்ப்பவர் இல்லை. பழைய மடிக்கணினிக்கும் வயதுக்கேற்ற வேலை ஒன்றைக் கொடுத்து, தாங்காத வேலையிலிருந்து அதை விடுவிக்க வேண்டும். இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே சாரம்.

முதலில் உள்ளே இருப்பதை எடுங்கள்

தங்கை மகளின் கணினி சார்ஜர் செருகியதும் முனகிக்கொண்டே எழுந்தது. உள்ளே பார்த்தால் அவளுடைய சான்றிதழ்களின் நகல்கள், கல்லூரிக் குறிப்புகள், திருமண வீட்டுப் படங்கள். அவற்றுக்கிடையே 2013இல் அந்தக் கணினியின் கேமராவிலேயே எடுத்த ஒரு சிறு படக்காட்சி. அதில் என் மச்சான், அதாவது அவளுடைய வாப்பா, தறியிலிருந்து எழுந்து வந்து, "இதில் என் முகம் தெரிகிறதா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். அவர் 2021இல் இறையடி சேர்ந்துவிட்டார். அவருடைய குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளுக்கு அதை அனுப்பினோம். "மாமா, இதையா கூடைக்குப் போட இருந்தார்கள்?" என்று தொலைபேசியில் அவள் கேட்டதற்கு என் தங்கையால் மறுமொழி கூற முடியவில்லை.

ஆகையால், பழுது பார்ப்பதோ மாற்றுவதோ பின்னால் இருக்கட்டும். முதல் வேலை உள்ளே இருப்பதைப் பிரதி எடுப்பது. கணினி எழவே இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். பெரும்பாலான சமயங்களில் கெட்டுப் போயிருப்பது வேறு பாகமாக இருக்கும். ஹார்டு டிஸ்க் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி, கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்தினால், வேறொரு கணினியில் பென் டிரைவ் போலத் திறந்து படிக்கலாம். டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் மீண்டும் மீண்டும் முயலாதீர்கள். உடனே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பிரதி ஒன்று போதாது. இரண்டு வேண்டும், அதுவும் இரண்டு இடங்களில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. கீழ்த் தட்டில் இருந்த பத்திரங்களும் படங்களும் கணினிகளும் நீரில் ஊறின. ஒரு பிரதி உங்கள் வீட்டிலும் மற்றொன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் இருந்தால் வெள்ளம் இரண்டையும் கொண்டு போகாது. நனைந்த கணினியை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று உடனே மின்சாரத்தில் செருகுவதுதான் அதைக் கொல்லும். பாட்டரியைக் கழற்றி, பல நாட்கள் காற்றாட உலர்த்தி, திறந்து சுத்தம் செய்த பிறகே மின்சாரம் தர வேண்டும்.

உடலைச் சோதியுங்கள்

அடுத்ததாகப் பாட்டரி. லித்தியம் பாட்டரி கெட்டால் சில சமயம் உப்பும். அடிப்பக்கம் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, விசைப்பலகை மேலெழும்பியிருந்தாலோ பாட்டரி உப்பியிருக்கக் கூடும். அதைக் குத்தவோ அழுத்தவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் பாட்டரியைத் தாழ்ப்பாள் நீக்கிக் கையாலேயே கழற்றிவிடலாம். பாட்டரி இல்லாமலும் சார்ஜரிலேயே அவை ஓடும். மின்சாரம் போனால் கணினியும் அணையும் என்பதால், எழுதுவதை அடிக்கடி சேமித்துக் கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டும்.

சார்ஜர் புதிதாக வாங்க நேர்ந்தால் கணினியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம். முனை பொருந்துகிறது என்பதற்காக எதையாவது செருகுவது ஆபத்து.

நம் ஊர் வெயிலையும் புழுதியையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசியும் சேரும். உள்ளே இருக்கும் சிறு விசிறி அடைபட்டால் கணினி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "பழசாகி மெதுவாகிவிட்டது" என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி வெறும் தூசிதான். விசிறியைச் சுத்தம் செய்து, செயலியின் மேலுள்ள வெப்பப் பசையைப் புதிதாக இடச் சொல்லுங்கள். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டாதீர்கள். காற்று போகும் வழி அடைபடும்.

இன்னொரு சிறு சங்கதி. மடிக்கணினிக்குள் கைக்கடிகாரத்தில் உள்ளது போன்ற ஒரு வட்ட பாட்டரி உண்டு. கணினி அணைந்திருக்கும் போதும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்தால் கணினி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டொன்றிலேயே கண் விழிக்கும். அப்போது இணையத்தைத் திறந்தால், "இத்தளம் பாதுகாப்பற்றது" என்று எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வரும். ஏனெனில் தளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் தேதியை வைத்தே சரிபார்க்கப்படுகின்றன. தேதியைத் திருத்தினாலே பாதிக் குறை தீரும். அந்தச் சிறு பாட்டரியை மாற்றினால் முழுதும் தீரும்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனும் சுழலாத சேமிப்பகத்தைப் பொருத்துங்கள். எழுந்து நிற்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட தங்கை வீட்டுக் கணினி, இப்போது அரை நிமிடத்தில் எழுகிறது. இரண்டாவது, ராம் எனப்படும் நினைவகத்தை 2 ஜி.பி.யிலிருந்து 4 ஜி.பி. ஆக்குங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் வந்த பல இயந்திரங்களில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் எனும் எளிய பதிப்பு. அது 2 ஜி.பி.க்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தவே செய்யாது. அந்தப் பதிப்பை வைத்துக்கொண்டு ராம் வாங்கினால் காசு வீண்.

பழைய விண்டோஸ் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

பழைய இயக்க முறை என்றதும் அது ஓடாது என்று எண்ண வேண்டாம். அது என்றும் போல ஓடும். ஆனால் அதற்குக் காவல் இருக்காது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10 அன்றும் மைக்ரோசாப்ட் தன் ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவான ஆதரவு முடிந்தது. ஆகவே இது 2012இல் வாங்கியவர்களின் கவலை மட்டுமன்று. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர்களின் கவலையும் ஆகிவிட்டது.

ஆதரவு முடிந்தால் என்ன ஆகும்? கணினியில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். ஆனால் அடைக்க ஆள் வரமாட்டார். 2017 மே மாதம் வான்னாக்ரை எனும் தீநிரல் உலகைச் சுற்றி வந்து, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள்கூடத் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதை ஏற்றிக்கொள்ளாத கணினிகளே அகப்பட்டன. திருத்தமே வராத கணினியின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

எனவே பழைய விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது, ஆதார் எண்ணைப் பதிவது, கடைகளுக்குப் பணம் செலுத்துவது ஆகியவை கூடவே கூடாது. குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023இலிருந்து விண்டோஸ் 7இல் இயங்குவதில்லை என்பதே போதுமான எச்சரிக்கை.

ஆனால் இணையம் தேவைப்படாத வேலைகள் எத்தனையோ உள்ளன. உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், டாஸ் இயக்க முறையில் ஓடும் வேர்டுஸ்டார் 4.0 எனும் பழம்பெரும் நிரலில்தான் தம் நூல்களை எழுதுவதாக 2014இல் தொலைக்காட்சியில் கூறினார். எழுதும் கணினி வேறு, இணையத்துக்கான கணினி வேறு என்று வைத்திருக்கிறார். கிருமி வரும் வாசலே அதில் இல்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர ரயில்களின் கட்டுப்பாட்டு அமைப்போ, 1998இல் நிறுவப்பட்டு, பழைய பிளாப்பி தகடுகளைக் கொண்டே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. அதை மாற்ற 2024இல்தான் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரே வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட பழைய கணினி நெடுங்காலம் உழைக்கும்.

நம் சமுதாயத்தில் பழைய விண்டோஸுக்கு மற்றொரு சிறப்பான வேலையும் உண்டு. யூனிகோடு பரவலாகும் முன் அச்சகங்களில் பேஜ்மேக்கரில், அந்தந்த அச்சகத்தின் தமிழ் எழுத்துருக்களைக் கொண்டு மலர்களும் நூல்களும் வடிவமைக்கப்பட்டன. ஜமாஅத் வரலாறுகள், மதரஸா ஆண்டு விழா மலர்கள், பெரியவர்கள் எழுதிய கிதாபுகள் எனப் பலவும் அந்தக் கோப்புகளில் உறங்குகின்றன. புதிய கணினியில் அவற்றைத் திறந்தால் புரியாத எழுத்துக் குப்பையே தெரியும். அதே நிரலும் அதே எழுத்துருவும் உள்ள பழைய கணினியே அவற்றுக்குத் திறவுகோல். உங்கள் ஊரில் யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால், அதிலுள்ளவற்றை யூனிகோடுக்கு மாற்றி எடுக்கும் வரை அதன் இயக்க முறையைத் தொடாதீர்கள்.

லினக்ஸ் எனும் மாற்று

நான் லினக்ஸுக்கு வந்த கதை, என் அறியாமையின் கதை. சில ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வுக்கான வினாத்தாள்களைப் பழைய கணினியில் தட்டச்சு செய்து, பென் டிரைவில் ஏற்றி ஒரு பிரிண்டிங் கடைக்கு எடுத்துச் சென்றேன். திரும்பி வந்து பார்த்தால் கோப்புறைகள் இருந்த இடத்திலெல்லாம் குறுக்குவழிச் சின்னங்களே இருந்தன. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. எல்லாம் அழிந்தன என்று பதறி, பென் டிரைவை பார்மட் செய்துவிட்டேன். பிறகுதான் என் பழைய மாணவர் ஒருவர் விளக்கினார். "உஸ்தாத், அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கும். லினக்ஸில் திறந்திருந்தால் எல்லாம் கண் முன்னே தெரிந்திருக்கும்." அந்த வினாத்தாள்களை இரண்டு இரவுகள் விழித்திருந்து மீண்டும் எழுதினேன்.

லினக்ஸ் என்பது உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கூடி உருவாக்கி, விலையின்றித் தரும் இயக்க முறை. அதில் பல வகைகள் உண்டு. பழைய கணினிகளுக்கென்றே எளிய வகைகளும் உண்டு. உங்கள் கணினியில் 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட் வகையின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு ஏற்றது. 2 ஜி.பி.தான் என்றால் எம்.எக்ஸ். லினக்ஸ் அல்லது டெபியன் 12 பொருந்தும். 1 ஜி.பி.யே உள்ள மிகப் பழையவற்றுக்கு ஆன்டிஎக்ஸ், பப்பி ஆகியவை உள்ளன.

இங்கே 32 பிட், 64 பிட் என்ற சொற்கள் உங்களைக் குழப்பலாம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது. அதைப் பார்த்துவிட்டு "என் கணினியே 32 பிட்" என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால் உள்ளே உள்ள செயலி பெரும்பாலும் 64 பிட் ஆகவே இருக்கும். செயலியின் பெயரைக் குறித்துக்கொண்டு விசாரித்தால் தெரிந்துவிடும். உண்மையிலேயே 32 பிட் என்றால் தாமதிக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நிறுவுவதைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12க்கு 2028 வரை நீண்டகால ஆதரவு உண்டு.

நிறுவும் முன் சோதித்துப் பார்க்கும் வசதிதான் லினக்ஸின் பெருஞ்சிறப்பு. வேறொரு கணினியில் அதைப் பதிவிறக்கி, ரூபஸ் போன்ற நிரலால் 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதுங்கள். பழைய கணினியைத் திறக்கும்போது எப்12, எப்9, எஸ்கேப் ஆகியவற்றில் அந்தக் கணினிக்குரிய விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து எழச் செய்யுங்கள். டிஸ்கில் உள்ள எதையும் தொடாமல் லினக்ஸ் ஓடும். ஒலி கேட்கிறதா, வைபை கிடைக்கிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வைபை மட்டும் கிடைக்காமல் போனால், கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பெறலாம். மனநிறைவு ஏற்பட்ட பின் நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் அழித்துவிடும் வழியும் உண்டு என்பதால், பிரதிகள் இரண்டும் பத்திரமாக உள்ளனவா என்று அதற்கு முன் மீண்டும் பாருங்கள்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். விண்டோஸுக்கென்று செய்த நிரல்கள் பலவும் லினக்ஸில் ஓடா. பழைய பிரிண்டர்கள் சில முரண்டு பிடிக்கும். முதல் வாரம் எதுவும் இடத்தில் இல்லாதது போல் தோன்றும். ஆனால் இயக்க முறைக்கும் உலாவிக்கும் திருத்தங்கள் தொடர்ந்து வரும். காவல் இல்லாத வீட்டுக்கும் காவலுள்ள வீட்டுக்கும் உள்ள வேறுபாடு அது.

தமிழும் அரபியும்

"தமிழ் வருமா?" என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை, லினக்ஸில் ஐபஸ் எனும் நிரல் வழியே கிடைக்கிறது. ஆங்கில ஒலியில் தட்டித் தமிழ் பெறுவோருக்கு அந்த முறையும் உண்டு.

எங்களைப் போன்றவர்களுக்கு அரபியும் வேண்டும். லிபர்ஆபீஸ் எனும் இலவச நிரலில், ஒரே தாளில் தமிழை இடமிருந்து வலமாகவும் அரபியை வலமிருந்து இடமாகவும் எழுதலாம். அமீரி போன்ற அழகிய அரபி எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஸபர், ஸேர், பேஷ் குறிகள் இடம் மாறாமல் நிற்கின்றன. முன்பு அரபி வரிகளுக்கு இடம் விட்டு அச்சடித்து, பின்னர்க் கையால் எழுதி நிரப்பிய எனக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லி முடியாது.

வயதுக்கேற்ற வேலை

தங்கை வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் ஏற்றியபின் அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்தோம். இன்று அது செய்யும் வேலை இரண்டே. காலையில் என் தங்கை தன் தையல் கணக்கை லிபர்ஆபீஸில் பதிகிறாள். மாலையில் அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகள் நால்வர் வந்து தட்டச்சுப் பழகுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, "மாமி, இது எங்கள் பள்ளியில் உள்ளதைவிட நன்றாக ஓடுகிறதே!" என்றாளாம்.

உங்கள் வீட்டுக்கு வேறு வேலை பொருந்தலாம். தமிழக அரசின் பாடநூல்கள் அனைத்தும் பி.டி.எப். வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கி வைத்தால் இணையமின்றிப் படிக்கலாம். கைபேசியின் சிறு திரையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு 14 அங்குலத் திரை ஓர் அருட்கொடை. கிவிக்ஸ் எனும் நிரலில் தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட களஞ்சியம் அது. இணைய இணைப்பு இல்லாத கணினியில் வேண்டாத காட்சிகளும் விளம்பரங்களும் இடையில் வந்து குதிக்கா என்பதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயிண்ட் போன்ற கல்வி நிரல்கள் உள்ளன. முதியோருக்குக் கிராஅத் ஒலிப்பதிவுகளையும் பயான்களையும் நிரப்பி, ஒரு ஒலிபெருக்கியுடன் வைத்துவிடலாம். மதரஸாவில் புரொஜக்டருடன் இணைத்து வரைபடங்கள் காட்டலாம்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்குக் கணினி வழங்கும் புதிய திட்டத்தை அறிவித்தது. புதியது வீட்டுக்கு வரும்போது பழையது தம்பி தங்கைகளுக்குப் பயன்பட்டால் ஒரு கணினி இரண்டு கணினியாகிறது.

கைமாற்றும்போது

எவ்வளவு முயன்றும் உயிர் பெறாதவையும் உண்டு. வேறு யாருக்காவது கொடுத்துவிட எண்ணுபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. கோப்புகளை டெலிட் செய்வதாலோ மேலோட்டமாக பார்மட் செய்வதாலோ அவை அழிவதில்லை. அட்டவணையில் இருந்து பெயர்தான் நீங்கும். உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். மீட்டெடுக்கும் நிரல்கள் எளிதில் கிடைக்கின்றன. வீட்டுப் பெண்களின் படங்களும் சான்றிதழ்களும் ஆதார் நகலும் ஒரு பிளாஸ்டிக் கூடைக்கு ஈடாக யார் கையிலோ போய்ச் சேருவதை எண்ணிப் பாருங்கள். அவை நம்மிடம் உள்ள அமானிதம். டிஸ்க் முழுவதன் மீதும் புதிதாக எழுதி அழித்த பின்னரே கொடுங்கள். அதற்கு வழி தெரியாவிட்டால் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

உயிர் பெறாததைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். பற்றவைப்புகளில் ஈயமும், மிகப் பழைய திரைகளின் விளக்கில் பாதரசமும் இருக்கக்கூடும். கம்பிக்காக எரிப்போர் மூச்சில் நஞ்சு சேரும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடமே இவை சேர வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை நாம் குடிப்பதும் குளிப்பதும் ஒளுச் செய்வதும் ஒரே ஆற்று நீரில்தான்.

வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் அந்த பீரோவைத் திறந்து, கணினியை எடுத்துத் துடைத்து, பாட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சார்ஜரைச் செருகிப் பாருங்கள். உள்ளே யாருடைய குரல் காத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கல்விக்கு அது மீண்டும் ஒருமுறை துணை நிற்க வல்ல நாயன் அருள் புரிவானாக!